ஏழாவது துளையில் மீட்டர் காட்டாதது

மண்ணில் துளை போட்டு, அதில் விஷம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், அனுபவத்திலிருந்து நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். நல்லதாக என்னிடம் அதிகம் இல்லை. முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இதைச் செய்தேன். ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரைக்கும் நான் துளை போட்டுப் பார்க்காத பழைய கம்பெனி மனைகள் குறைவு. பெருமைக் கதைகள் வேண்டுமென்றால் ஓய்வு பெற்ற மற்றவர்களைக் கேளுங்கள், அவர்களிடம் நிறைய இருக்கும். நான் ஒரே ஒரு துளையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

துளை எப்படிப் போடுவது, கருவியை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு தரம் வருகிற மண்ணை ஜிப் கவரில் போட்டு மூடி வைக்கிறோம். பத்து நிமிஷம் கழித்து, கையில் பிடிக்கிற மீட்டர் கருவியின் ஊசியை உள்ளே விட்டு, மண்ணிலிருந்து கிளம்பிய ஆவி எவ்வளவு என்று பார்க்கிறோம். ஒரு துளையில் ஆறு கவர் இருந்தால், எந்தக் கவர் அதிக எண் காட்டுகிறதோ அது லேபுக்குப் போகும். மற்ற ஐந்தும் குப்பைக்குப் போகும். எல்லா மண்ணையும் லேபுக்கு அனுப்ப எந்தக் கம்பெனியும் சம்மதிக்காது. ஆக, எந்த மண் பேசலாம், எந்த மண் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறது அந்த மீட்டர்தான். அதைக் கையில் வைத்திருக்கிறவர் நீங்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு சீனியர். பெயர் வேண்டாம். நான் சேர்ந்த புதிதில் மணலிப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் வேலை நடந்தது. துளையிலிருந்து மண் மேலே வந்ததும், துளை போடுகிற ரிக் இயந்திரத்தை ஓட்டுகிறவர் ஒருவர் பழைய பழக்கத்தில் அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் சீனியர் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரும்மா, மூக்கு மூச்சு விடறதுக்கு, மோப்பம் பிடிக்கறதுக்கு இல்ல. மண்ண மோந்து பாக்காத. மீட்டர் என்ன சொல்லுதோ அத எழுது, மூக்கு சொல்றத எழுதாத" என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. மண்ணை முகராதே என்பது உயிரைக் காப்பாற்றுகிற விஷயம். அதை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால், முகராமலேயே ஒரு வாசனை வந்து மூக்கில் ஏறினால் அதை எழுதாதே என்பது வேறு. அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் ஒன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் இதை எழுதவில்லை. ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க எனக்கு மூளை இருந்தது. நான் உபயோகிக்கவில்லை.

நான் சொல்ல வந்த இடம் திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. இரும்பு உதிரி பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய், கிரீஸ் எல்லாவற்றையும் கழுவிச் சுத்தம் செய்து அனுப்புகிற ஒரு தொழிற்கூடம். மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. வாரிசுகள் அதை ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு விற்றிருந்தார்கள். சின்னச் சின்ன வரிசை வீடுகள் கட்டி விற்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் மண் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு அறிக்கை வேண்டும். பன்னிரண்டு துளை, நாலு நாள். ஐப்பசி மாதம். எந்த நிமிஷமும் கொட்டிவிடுவேன் என்று வானம் மிரட்டிக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் ரிக்கை நகர்த்த முடியாது.

ரிக்கில் இருந்தவர் எத்திராஜ். என்னைவிட மூன்று நாலு வயது சின்னவர். எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம்தான் அவர் ஊர். அவருடைய அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். வலையில் மீன் குறைந்துபோனதும் இவர் மட்டும் கரையேறி, துளை போடுகிற வேலைக்கு வந்துவிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் என்னுடன் வேலை செய்திருந்தார். துளைக்கருவி சுற்றுகிற சத்தத்தை வைத்தே கீழே மணலா, களியா, கல்லா என்று சொல்லிவிடுவார். வாய் ஓயாத மனிதர். வேலை செய்கிற இடத்தில் வாட்ச்மேன், டீக்கடைக்காரர், எதிர் வீட்டுப் பாட்டி வரைக்கும் எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்து அந்த மனையின் ஜாதகத்தையே வாங்கிவிடுவார். நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். உண்மையில் நான் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், பின்பக்கத்து ஷெட் இருந்த இடத்தில் ஏழாவது துளை. அரை மீட்டர் ஆழத்தில் வந்த மண்ணில் கொஞ்சம் டீசல் கசிவு, மீட்டர் ஒரு சின்ன எண் காட்டியது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டு மீட்டரைத் தாண்டி மணல் முடிந்து களிமண் ஆரம்பிக்கிற இடத்தில், எத்திராஜ் கருவியை மேலே தூக்கியவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேடம், இத்தக் கொஞ்சம் பாருங்க. இனிப்பா ஒரு வாசன அடிக்குது."

"மோந்து பாத்தீங்களா? எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"நான் எங்க மோந்தேன்? அதுவா வந்து மூஞ்சில அடிக்குது. ஆஸ்பத்திரில ஆப்ரேசன் ரூம் கதவத் தொறந்தா வருமே, அப்டி கீது."

எனக்கும் வந்தது அந்த வாசனை. இதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன். லேசாக, ஒரு நொடி வந்தது. மண்ணைக் கவரில் போட்டு மூடினேன். பத்து நிமிஷம் காத்திருந்தேன். ஊசியை விட்டேன். பூஜ்யம். இன்னும் ஐந்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். பூஜ்யம். ஒருவேளை மீட்டர் கெட்டுவிட்டதோ என்று, ரிக் துடைக்கிற டீசல் துணிக்குப் பக்கத்தில் ஊசியைக் காட்டினேன். எண் குபீரென்று ஏறியது. அப்பாடா, மீட்டர் நன்றாக வேலை செய்கிறது, அப்படியானால் மண்ணில் ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்டேன். டீசல் தெரிகிற மீட்டருக்கு எல்லாமே தெரியும் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

எத்திராஜ் விடவில்லை. "வாட்ச்மேன் இங்கயே வேல பாத்த ஆளாம் மேடம். இந்த ஷெட்டுலதான் கிரீஸ் கய்வுவாங்களாம். டிரம்முல இன்னாவோ வருமாம், அத்த ஊத்திக் கய்விட்டு, மிச்சத்த அப்டியே கீய வுட்ருவாங்களாம். இந்தக் கவரையும் சேத்து ஒரு தபா லேபுக்குத்தான் அனுப்பிப் பாருங்களேன். இல்லாங்காட்டி குறிப்புலயாவது எய்தி வைங்க."

குறிப்பு என்று அவர் சொன்னது, ஒவ்வொரு துளைக்கும் நாங்கள் நிரப்புகிற களத்தாளில் இருக்கிற கடைசிக் கட்டம். எண்ணில் சொல்ல முடியாததை அதில் எழுதலாம். ஒரே ஒரு வார்த்தை போதும், "வாசனை" என்று. அதை எழுதினால் இன்னொரு மாதிரியை லேபுக்கு அனுப்பியாக வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போகும்.

கட்டுமானக் கம்பெனி மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் சிரித்தார். "என்ன மேடம், மீட்டர் வேலையையும் இவரே பாத்துக்குவார் போல இருக்கே. அப்புறம் உங்களை எதுக்குக் கூப்பிட்டோம்?"

நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக்கடை வைத்த குடும்பம். பெண்பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு ரிக் பக்கத்தில் நிற்பதா என்று வீட்டிலும் கேட்டார்கள், களத்திலும் கேட்டார்கள். நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் எனக்கு வேலை தெரியும் என்று தினம் தினம் நிரூபித்துத்தான் அங்கே நின்றேன். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வர வேண்டியது சிரித்த ஆள்மேல். வந்தது எத்திராஜ்மேல். திருப்பித் திட்ட மாட்டார் என்று தெரிந்த ஆள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

"எத்திராஜ், துளை போடறது உங்க வேலை. அத மட்டும் பாருங்க" என்றேன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

"சர்தான் மேடம்" என்றார். கருவியைக் கழுவப் போய்விட்டார். நான் களத்தாளில் பூஜ்யம் என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன். டீசல் கவர் லேபுக்குப் போனது. இரண்டு மீட்டர் ஆழத்துக் கவர் குப்பைக்குப் போனது. மேல்மண்ணை அரை மீட்டர் எடுத்துவிட்டால் போதும், இடம் சுத்தம் என்று அறிக்கை போனது. கீழே என் கையெழுத்து.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் எத்திராஜ் ஆபீசுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். அந்த மனையில் வீடுகள் கட்டி முடித்துவிட்டார்களாம். குப்பத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, அவர் மனைவி கஸ்தூரி ஒரு நல்ல வீடு என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"பேங்க்ல லோன் தரேன்றாங்க மேடம். நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க, அதான் ஒரு வார்த்த கேட்டுகினு போலாம்னு வந்தேன். வாங்கலாமா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "அன்னிக்கு ஒரு வாசன வந்திச்சே..." என்றார்.

"எத்திராஜ், அறிக்கை சுத்தம். கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். போகும்போது, "அப்டின்னா எங்காளுங்களாண்டயும் சொல்லட்டா? அவங்களும் வூடு பாத்துகினுதான் கீறாங்க" என்று கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் பேச்சைக் கேட்டு அவர் சொந்தக்காரர்கள், கூடக் கடலுக்குப் போனவர்கள் என்று ஒரு வரிசை முழுக்கக் குப்பத்து ஆட்களே வாங்கினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிட்டார். எனக்கு அன்று மாத்தூரில் வேலை, போகவில்லை.

இன்னும் மூன்று வருஷம் போனது. மீட்டரைச் சரிபார்க்க வருகிற மெக்கானிக் ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நான், இந்த மீட்டர் இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை என்று ஏதோ சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லாத்தையும் இது பாக்காது மேடம். உள்ள இருக்கற விளக்குக்குப் பலம் அவ்வளவுதான். பெட்ரோல், டீசல், பெயிண்ட் தின்னர் எல்லாம் பாக்கும். குளோரோஃபார்ம், கார்பன் டெட்ரா மாதிரி சிலது இதுக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு வேற விளக்குப் போடணும். புத்தகத்துலயே போட்டிருக்கே" என்றார்.

மீட்டர் பெட்டியின் மூடிக்குள் ஒரு சின்னப் புத்தகம் செருகி இருக்கும். உங்கள் பெட்டியிலும் இருக்கும். அத்தனை வருஷம் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தேன், அந்தப் புத்தகத்தில் மீட்டரை எப்படி ஆன் செய்வது என்கிற பக்கத்தைத் தாண்டியதில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பட்டியலைப் படித்தேன். கிரீஸ் கழுவப் பழைய காலத்தில் எதை உபயோகித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். கார்பன் டெட்ரா. இனிப்பான நெடி. தண்ணீரைவிடக் கனம். மணலில் நேராக இறங்கி, களிமண் தட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து ஆவியாக மெல்ல மெல்ல மேலே வரும். மேலே வீடு இருந்தால் வீட்டுக்குள் வரும். அதிகமானால் கல்லீரலைப் பிடிக்கும்.

பழைய கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு எங்கள் மேலதிகாரியிடம் போனேன். ஏழாவது துளையைத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்றேன். அவர் களத்தாளைப் புரட்டினார். "பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க. குறிப்புல ஒண்ணுமே இல்ல. வாசனை வந்ததுன்னு இப்ப சொன்னா யார் நம்புவாங்க? கையெழுத்து உங்களோடது. முடிஞ்சு போன கோப்பு மேடம், விடுங்க." அவர் கெட்டவர் இல்லை. களத்தாளில் இல்லாதது நடக்கவே இல்லை என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான்.

மறுநாள் எத்திராஜ் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு, அழகாக வைத்திருந்தார்கள். வாசலில் கோலம், ஜன்னலில் ரோஜாத் தொட்டி. கஸ்தூரியை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். கண்ணெல்லாம் மஞ்சள். "இன்னான்னே தெரில மேடம். மய பெஞ்சு கதவ சாத்திட்டா தல வலிக்கும், வவுத்தப் பொரட்டும். டாக்டராண்ட போனா ஈரல் வீங்கி கீதுன்னு சொல்லிட்டு, குடிப்பியாம்மான்னு கேக்குறாரு. என்னப் பாத்து! இத்தினி ஜனம் நடுவுல!" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

பின்பக்கத்து ரூமில் ஒரு வாசனை வருகிறது என்று பில்டரிடம் சொன்னார்களாம். புது பெயிண்ட் அப்படித்தான் இருக்கும் என்றாராம். மூன்று வருஷத்துப் புது பெயிண்ட்.

கஸ்தூரி டீ கொண்டு வந்து வைத்தார். "எந்தத் தண்ணி?" என்று என் வாய் கேட்டுவிட்டது. போர் தண்ணீர்தான், நல்ல இனிப்பான தண்ணீர், குப்பத்தில் உப்புத் தண்ணீர் குடித்த நாக்குக்கு அமிர்தமாக இருக்கிறது என்றார். கொதிக்கிற தண்ணீரில் கார்பன் டெட்ரா தங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை டம்ளர் பக்கம் போகவில்லை.

"இன்னா மேடம், டீ ஆறிகினு கீது" என்றார் கஸ்தூரி.

எத்திராஜ் டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த எதற்கும் அவசியம் இல்லாமல் போனது. அவர் எழுந்து போய்ப் பின்பக்கத்துக் கதவைத் திறந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் அந்த வீட்டின் பின்னால், வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு முழ இடத்தில் கைத்துளைக்கருவியை இறக்கினோம். அவர்தான் சுற்றினார். துணி காயப்போடுகிற கொடியை அவிழ்த்துவிட்டு, சொந்த வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் அவரே துளை போட்டார். களிமண் தட்டியதும் கருவியை மேலே தூக்கினார். இரண்டு பேருக்கும் அந்த வாசனை வந்தது. மீட்டரை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

கருவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் தரையில் குந்தினார்.

"அன்னிக்கு என் மூக்க நீங்க நம்பல. அத்த வுடுங்க, நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. நான் ஏன் மேடம் நம்பல? இந்த ரூமுல படுத்துகினு தெனம் இதே வாசனதான். எனக்குத் தெரியும். மேடம் சொல்ட்டாங்களே, இது பெயிண்டுதான்னு அவகிட்ட நானே சொல்லிகினு இருந்தேனே."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, போதும் என்பதா என்று நான் கேட்கவில்லை.

அந்த மண்ணை லேபுக்கு அனுப்பினேன், முடிவு நாங்கள் பயந்த மாதிரியே வந்தது. என் அறிக்கை தவறு என்று நானே என் கையால் எழுதி, ஆபீசுக்கும் அரசாங்கத்துக்கும் அனுப்பினேன். இதைப் படித்து என்னைத் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏழாவது துளைக்குப் பக்கத்தில் நின்றபோது தைரியம் காட்டியிருந்தால் ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும். அதிகாரிகள் வந்தார்கள், போர் கிணறுகளை மூடினார்கள், லாரியில் தண்ணீர் விட்டார்கள், விசாரணை என்றார்கள். விசாரணை இன்னமும் நடக்கிறது. பில்டர் என் பழைய அறிக்கையைக் காட்டினார். சுத்தம் என்று இவர்கள்தானே சொன்னார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆபீசில் என்னைக் களத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். மிச்ச வருஷங்களைக் கோப்பு அடுக்கிக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

எனக்கு நடந்தது அவ்வளவுதான். எத்திராஜுக்கு நடந்ததைக் கேளுங்கள். அந்த வீடுகளை இப்போது யாரும் வாங்க மாட்டார்கள். லோன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. "நீதானடா இட்டாந்த" என்று கூடப் பிறந்தவர்களே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். ஒரு கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடுவதில்லை. கஸ்தூரி திரும்பக் குப்பத்துக்கே போய், தண்ணீர் ஏறுகிற அதே ஓட்டு வீட்டில் தங்கையோடு இருக்கிறார். உடம்பு பாதி தேறியிருக்கிறது. இதனால்தான் அவருக்கு அப்படி ஆனது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. எத்திராஜ் மட்டும் அந்த வீட்டில், முன்ரூமில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறார்.

அவர் வேலையை விடவில்லை, விட முடியாது. இப்போதும் உங்கள் கம்பெனிகளுக்குத்தான் துளை போடுகிறார். போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் அவரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் சிடுமூஞ்சி, வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், யாரோடும் பேசுவதில்லை என்றார். டீக்கடைக்காரர் முதல் எதிர் வீட்டுப் பாட்டி வரை பேச்சுக் கொடுத்த எத்திராஜைப் பற்றி அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும். மண் மேலே வரும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், என்ன வாசனை என்று பையன் கேட்டாராம். அதற்கு எத்திராஜ் சொன்ன பதிலை அந்தப் பையன் வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னார்.

"எனக்கு இன்னா தெரியும் சார். மிசினுல இன்னா காட்டுதோ அத்த எய்திக்கோங்க."